வில்லும் சக்கரமும்

(இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

மாட்டு வண்டிகளில் கட்டை வண்டி என்றும் வில்வண்டி என்றும் இரு வகை உண்டு. கட்டை வண்டியில் பத்து மைல் போனவருக்கே வில்வண்டியின் அருமை விளங்கும். அச்சுக்கு மேலே அடுக்கிய எஃகுப் பட்டைகள் பள்ளத்தின் அடியைத் தாம் வாங்கிக்கொண்டு, உள்ளே இருப்பவரின் இடுப்பைக் காக்கின்றன. அந்த வில்லே மோட்டார் காரின் பின்பக்கத்திலும் இடம் பிடித்தது. பட்டறைகளில் அதைக் ‘கமான் பட்டை’ என்கிறார்கள். கமான் என்றாலும் வில் என்றே பொருள்.

அம்பாசிடர் காரை அறியாதவர் நம்மில் இருக்க முடியாது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் செய்த கார் அது. 2014-ஆம் ஆண்டு மே மாதம் அங்கே உற்பத்தி நின்றது. ஆனாலும் சாலைகளில் இன்னும் சில ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று என் தாய்மாமாவுடையது.

சென்ற ஆண்டு அந்தக் காரில் ஏழு பேர் குலதெய்வம் கோயிலுக்குப் புறப்பட்டோம். பின் இருக்கையில் பாட்டி. டிக்கி நிறையப் பொங்கல் பாத்திரங்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னால் ‘சர்’ரென்று ஒரு சத்தம், பிறகு ரப்பர் கருகும் வாடை. இறங்கிப் பார்த்தால், வலப்பக்கப் பின் டயரின் பக்கச் சுவரை மட்கார்டின் விளிம்பு கத்தி போல் சீவியிருந்தது. இன்னும் பத்துக் கிலோமீட்டர் போயிருந்தால் டயர் வெடித்திருக்கும். மாமா வியர்வையைத் துடைத்துக்கொண்டு பாட்டியின் முகத்தைப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மறுவாரம் ஒரு பட்டறையில், “பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் போதும்” என்றார்கள். தூக்கினார்கள். ஆனால் தொல்லை தீரவில்லை. ஏன் தீரவில்லை என்று ஆராய்ந்ததே இக்கட்டுரை.

வில் தாழ்வது ஏன்?

விசைக்கு நேர்விகிதத்தில் வில் வளைகிறது என்னும் விதியை இராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். சுமை நீங்கியதும் வில் பழைய வடிவுக்குத் திரும்ப வேண்டும். மீட்சி எல்லையைத் தாண்டிச் சுமை ஏற்றினால் அது முழுதாகத் திரும்பாது. எல்லைக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் குலுங்கிய எஃகும் சிறிது சிறிதாகத் தளர்கிறது. நம் நாட்டில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். தனியே ஓட்டினாலும் சுமை அப்பக்கமே. எங்கள் காரைச் சமதரையில் நிறுத்திச் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்தபோது, வலப்பக்கம் 22 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது.

இதோடு மாமா செய்த வேலை ஒன்றும் சேர்ந்துகொண்டது. பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று, பழைய டயரைவிட 20 மில்லிமீட்டர் அகலம் கூடிய டயர்களைப் பூட்டியிருந்தார். ரிம் மாறாவிட்டால் அந்த அகலத்தில் பாதி வெளியே மட்கார்டை நோக்கியும், பாதி உள்ளே கமான் பட்டையை நோக்கியும் வளரும்.

தூக்கும் வழிகள்

பின்பக்கத்தைத் தூக்கப் பல வழிகள் உண்டு. கமான் பட்டையின் முன் நுனி காரின் உடலோடு ஒரு புஷ்ஷில் பிணைந்திருக்கும். பின் நுனி ‘ஷாக்கிள்’ என்னும் தொங்கு தகடுகளில் ஊசலாடும். வில் தட்டையாகும்போது நீளம் கூடுவதால் இந்த ஊசல் தேவை. நீளமான ஷாக்கிள் பூட்டினால் கார் உயரும். ஆனால் அச்சு ஏறத்தாழ வில்லின் நடுவே இருப்பதால், ஷாக்கிள் 50 மில்லிமீட்டர் நீண்டால் கார் சுமார் 25 மில்லிமீட்டரே உயரும்.

இரண்டாவது வழி, அச்சுக்கும் வில்லுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து நீண்ட யூ-போல்ட்டால் இறுக்குவது. வில் அச்சுக்கு மேலே இருந்தால்தான் இது காரை உயர்த்தும். அச்சுக்குக் கீழே தொங்கும் வில்லில் அதே கட்டையை வைத்தால் கார் தாழ்ந்துவிடும்! குனிந்து பார்க்காமல் கட்டை வாங்குவோர் கவனிக்க.

மூன்றாவது, ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்ப்பது அல்லது தடித்த பட்டை போடுவது. பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு நேர்விகிதம். 6 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 7 மில்லிமீட்டர் போட்டால், அப்பட்டையின் விறைப்பு ஏறத்தாழ 59 விழுக்காடு கூடும். கார் நிமிரும், பயணிகளின் முதுகு ஒடியும்.

நான்காவது, காற்றடைக்கும் ஷாக் அப்சார்பர். 1960-களிலும் 1970-களிலும் அமெரிக்க இளைஞர் பலர், பின்பக்கத்தைத் தூக்கி அகன்ற டயர் பூட்டுவதை நாகரிகமாகக் கொண்டிருந்தபோது இது அங்கே பரவியது. குலுக்கலை அடக்குவதற்கென்று அமைந்த பிடிப்புகள் காரின் எடையைச் சுமக்க நேர்வதே இதன் குறை.

தூக்கினால் இடைவெளி கூடுமா?

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. கார் நிற்கும்போது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே தெரியும் இடைவெளியைத் தூக்குதல் கூட்டுகிறது, ஐயமில்லை. ஆனால் டயர் உரசுவது கார் நிற்கும்போதன்று. பள்ளத்தில் வில் முழுதாக அமுங்கும்போது. அப்போது அச்சு மேலே எழும்பி, காரின் உடலில் உள்ள ‘பம்ப் ரப்பர்’ என்னும் தடையில் மோதி நிற்கும். அந்தத் தடை இருக்கும் இடம் மாறவில்லையே! எவ்வளவு தூக்கினாலும் டயர் ஏறி நிற்கும் கடைசி உயரம் பழையதுதான். தூக்குவதால் டயர் அங்கே போவது அரிதாகிறது. அங்கே உள்ள இடம் பெரிதாவதில்லை. பக்கவாட்டு இடைவெளியோ சிறிதும் மாறாது.

எங்கள் காரில் வலப்பக்கப் பம்ப் ரப்பர் மட்கி உதிர்ந்தே போயிருந்தது. ஆகவே தனியே ஓட்டியபோது சும்மா இருந்த டயர், ஏழு பேர் ஏறியதும் மறுபடி உரசியது.

தூக்குவதற்கு வேறு விலையும் கொடுக்க வேண்டும். அம்பாசிடரின் முன், பின் அச்சுகளின் இடைத்தூரம் 2,464 மில்லிமீட்டர். பின்பக்கம் 25 மில்லிமீட்டர் உயர்ந்தால் கார் சுமார் 0.6 பாகை முன்னோக்கிச் சாயும். 10 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் முகவிளக்கின் ஒளி ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடும். ஷாக்கிள் நீண்டால் பின் அச்சின் முகம் சற்றே திரும்பி, கிராஸ் ஜாயிண்டின் கோணம் மாறி அதிர்வு தோன்றலாம். பிரேக் குழாயும் ஷாக் அப்சார்பரும் கூடுதலாக இழுபடும்.

செய்ய வேண்டியது

பழைய கமான் பட்டறை ஒன்றில் ஒரு பெரியவரிடம் போனோம். அவர் காரின் அடியில் பார்த்துவிட்டு, “தம்பி, வண்டியைத் தூக்கச் சொல்லாதீங்க, விழுந்ததை நிமிர்த்தச் சொல்லுங்க” என்றார். எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

அவர் முதலில் ஒரு சோதனை செய்தார். மட்கார்டின் உட்புறம் களிமண் உருண்டைகளை ஒட்டி, ஆட்களை ஏற்றி, வேகத்தடைமேல் மெதுவாக ஓட்டச் செய்தார். திரும்பி வந்ததும் நசுங்கிய உருண்டைகள் டயர் தொட்ட இடத்தையும், தப்பிய உருண்டைகள் மிஞ்சிய இடைவெளியையும் காட்டிவிட்டன. செலவு ஒரு பிடி மண்.

பிறகு வில்லைக் கழற்றிப் பட்டை பட்டையாகப் பிரித்தார். நெருப்பில் காட்டாமல், குளிர்ந்த நிலையிலேயே சம்மட்டியால் வரிசையாகத் தட்டி வளைவை மீட்டார். கேஸ் விளக்கால் சிவக்கக் காய்ச்சி வளைத்தால், முறைப்படி எண்ணெயில் தோய்த்துப் பதம் ஏற்றாதவரை எஃகின் உறுதி போய்விடும். சில மாதங்களில் வில் மறுபடி படுத்துவிடும். முறிந்திருந்த ஒரு பட்டையை மாற்றினார். புஷ்களும் பம்ப் ரப்பர்களும் புதிதாயின. பழைய ஷாக்கிள் திரும்ப வந்தது. அகன்ற டயர்களை விற்றுப் பழைய அளவிலேயே வாங்கினோம். மாமாவுக்கு அதில்தான் கொஞ்சம் வருத்தம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. இழந்த உயரத்தை மீட்பது மாற்றம் ஆகாது. பழுது பார்ப்பதே ஆகும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கடியில் போகக் கூடாது. உறுதியான தாங்கி வைத்து, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே குனிய வேண்டும்.

இவ்வாண்டும் குலதெய்வம் கோயிலுக்குப் போனோம். அதே ஏழு பேர், அதே பாத்திரங்கள். வேகத்தடைகளில் நான் காதைத் தீட்டிக்கொண்டே இருந்தேன். சத்தம் ஏதும் இல்லை. பாட்டி தூங்கிக்கொண்டு வந்தாள்.