யார் இந்த அபிலாஷ் டோமி? கடலில் தேடும் விமானியையே தேடிப் போன அரக்கோணம் விமானம்!

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பிளஸ் டூ முடித்த பசங்களிடம் 'நேவி' என்று சொன்னால், முதலில் ஞாபகம் வருவது கப்பல்தான். ஆனா, கடற்படைக்குள்ளேயே தனியாக ஒரு விமானப் பிரிவு இருக்கு. அதன் பெரிய தளங்களில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே, அரக்கோணத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். ராஜாளி. திண்டிவனத்தில் இருந்து வந்தவாசி, காஞ்சிபுரம் வழியாகப் போனால் சுமார் 100 கி.மீ. தூரம்தான்.

2018 செப்டம்பரில் இந்தத் தளத்தில் இருந்து ஒரு விமானம், ஒரே ஒரு மனிதரைத் தேடி இந்தியப் பெருங்கடலின் தெற்கு நோக்கிப் பறந்தது. அந்த மனிதரும் ஒரு கடற்படை விமானிதான். பெயர், கமாண்டர் அபிலாஷ் டோமி.

யார் இவர்?

கேரளாவைச் சேர்ந்தவர். 1979-ல் பிறந்தார். அப்பாவும் கடற்படையில் பணியாற்றியவர். கடற்படை அகாடமியில் பயிற்சி முடித்து, 2000-ல் அதிகாரியாகச் சேர்ந்தார். அங்கே அவர் ஓட்டியது டோர்னியர் ரக கண்காணிப்பு விமானம்.

கண்காணிப்பு விமானி என்றால் என்ன வேலை? சண்டை விமானம் மாதிரி குண்டு போட்டுவிட்டுத் திரும்புவது இல்லை. மணிக்கணக்கில் கடலுக்கு மேலே பறந்து, சந்தேகப்படும்படியான கப்பல் போகுதா, நீர்மூழ்கிக் கப்பல் இருக்கா, யாராவது ஆபத்தில் சிக்கி இருக்காங்களா என்று பார்ப்பதுதான் வேலை. கரையே தெரியாத தண்ணீர்ப் பரப்பில் ஒரு சின்னப் புள்ளியைக் கண்டுபிடிக்கணும்.

151 நாள், தனி ஆள்

விமானத்தோடு பாய்மரப் படகும் அவருக்குப் பிடிக்கும். கடற்படை அதிகாரி திலீப் தோண்டே, 2009-10ல் தனியாகப் படகில் உலகைச் சுற்றி வந்த முதல் இந்தியர் ஆனார். அவருக்கு உதவிய குழுவில் இருந்தவர் டோமி.

அடுத்த வாய்ப்பு இவருக்கே வந்தது. 2012 நவம்பர் 1-ம் தேதி மும்பையில் இருந்து 'மாதே' என்ற பாய்மரப் படகில் கிளம்பினார். எந்தத் துறைமுகத்திலும் நிற்கவில்லை, யாரிடமும் உதவி வாங்கவில்லை. 2013 மார்ச் 31-ம் தேதி மும்பைக்கே திரும்பினார். எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியர் இவர்தான். இதற்காக கீர்த்தி சக்ரா விருது கிடைத்தது.

அந்தப் புயல் நாள்

2018-ல் 'கோல்டன் குளோப்' படகுப் போட்டியில் இறங்கினார். இந்தப் போட்டியின் விதியே வித்தியாசமானது. 1968-ல் என்ன தொழில்நுட்பம் இருந்ததோ, அதை மட்டும்தான் பயன்படுத்தணும். ஜி.பி.எஸ். கிடையாது. சூரியனையும் நட்சத்திரங்களையும் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்கணும். டோமியின் 'துரியா' படகு கோவாவில் கட்டப்பட்டது.

ஜூலை 1-ம் தேதி பிரான்சில் இருந்து போட்டி தொடங்கியது. செப்டம்பர் 21-ம் தேதி அவர் மூன்றாவது இடத்தில் இருந்தபோது புயலில் சிக்கினார். மணிக்கு 130 கி.மீ. காற்று, 14 மீட்டர் உயர அலை. ஃபெஞ்சல் புயலைப் பார்த்த மயிலம், மரக்காணம் மக்களுக்குக் காற்றும் மழையும் என்ன செய்யும் என்று தெரியும். ஆனா, இவருக்குக் காலுக்குக் கீழே தரையே இல்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரமோ சுமார் 3,500 கி.மீ. தூரத்தில் இருந்தது.

படகு உருண்டது. பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் பலத்த அடி. எழுந்திருக்கவே முடியவில்லை. தன் நிலைமையை குறுஞ்செய்தியில் மட்டும் சொல்ல முடிந்தது.

அரக்கோணத்தில் இருந்து பறந்தது

உடனே இந்தியா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் என மூன்று நாடுகள் மீட்புப் பணியில் இறங்கின. ராஜாளி தளத்தில் இருந்து கிளம்பிய பி-8ஐ விமானம் மொரீஷியஸ் போய், அங்கிருந்து அவர் இருந்த இடத்துக்குப் பறந்தது. பாய்மரம் முறிந்து கிடந்த படகைக் கண்டுபிடித்தது. உள்ளே படுத்திருந்த டோமி, அவசர சிக்னல் கருவி மூலம் பதில் கொடுத்தார். ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்பது உறுதியானது.

செப்டம்பர் 24-ம் தேதி பிரான்சின் 'ஓசிரிஸ்' என்ற மீன்வள ரோந்துக் கப்பல் அவரை மீட்டு ஆம்ஸ்டர்டாம் தீவுக்குக் கொண்டு போனது. அங்கிருந்து ஐ.என்.எஸ். சத்புரா கப்பலில் விசாகப்பட்டினம் வந்தார். கடலில் மற்றவர்களைத் தேடுவதையே வேலையாக வைத்திருந்தவர், அதே வேலையைச் செய்யும் சக விமானிகளால் உயிர் பிழைத்தார்.

திரும்பவும் கடலுக்கு

அறுவை சிகிச்சையில் முதுகெலும்பில் டைட்டானியம் கம்பிகள் பொருத்தப்பட்டன. இனி நடப்பாரா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர் நடந்தார், மறுபடியும் விமானமும் ஓட்டினார். 2021-ல் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றார்.

2022-ல் அதே கோல்டன் குளோப் போட்டிக்குத் திரும்பினார். கிளம்பியவர்கள் 16 பேர். விதிகளை மீறாமல் முழுசா முடித்தவர்கள் மூன்றே பேர். 2023 ஏப்ரல் 29-ம் தேதி, 236 நாள்களில் முடித்து இரண்டாம் இடம் பிடித்தார் டோமி. முதலிடம், தென் ஆப்பிரிக்கப் பெண் கிர்ஸ்டன் நியூஷாஃபர்.

நம்ம ஊர் பசங்க கடற்படை விமானி ஆகணும்னா?

* பிளஸ் டூ-வில் இயற்பியல், வேதியியல், கணிதம் எடுத்தவர்கள் யு.பி.எஸ்.சி. நடத்தும் என்.டி.ஏ. தேர்வு மூலம் சேரலாம். பெண்களும் எழுதலாம்.

* ஜே.இ.இ. மெயின் மதிப்பெண்ணை வைத்து, கேரளாவின் ஏழிமலையில் உள்ள கடற்படை அகாடமியில் பி.டெக். படித்து அதிகாரி ஆகவும் வழி இருக்கு.

* பி.இ., பி.டெக். முடித்தவர்கள் குறுகிய காலப் பணியில் 'பைலட்' பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம்.

* எந்த வழியில் போனாலும் எஸ்.எஸ்.பி. நேர்காணல், மருத்துவப் பரிசோதனை இரண்டும் உண்டு.

என்.டி.ஏ. வினாத்தாள் தமிழில் வராது என்பதால், தமிழ் வழியில் படிப்பவர்கள் பத்தாம் வகுப்பிலேயே ஆங்கில வாசிப்பைத் தொடங்கிவிடுவது நல்லது. வயது வரம்பும் மதிப்பெண் விதிகளும் அவ்வப்போது மாறும். அதனால், விண்ணப்பிக்கும் முன் கடற்படையின் அதிகாரப்பூர்வ தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பெண்களுக்கு இது எட்டாத வேலையும் இல்லை. 2019 டிசம்பரில் ஷிவாங்கி கடற்படையின் முதல் பெண் விமானி ஆனார். 2024 ஜூனில் அனாமிகா ராஜீவ் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி ஆனார். அவர் பயிற்சி முடித்து வெளியே வந்த இடம், அதே அரக்கோணம் ராஜாளி.