அறையும் கூடவே பாடும்

'ரோஜா' (1992) படத்தின் 'சின்னச் சின்ன ஆசை' பாடலில் ஒகேனக்கல் காட்சிகள் உண்டு. தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு அதில் தனிப் பெருமை. திரையில் தண்ணீரும் பாறையும் விரிந்த வானமும் தெரியும். ஆனால் அந்த இசை உருவானது, ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டி 1989-இல் அமைத்த 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' ஸ்டுடியோவில். வீட்டு வளாகத்துக்குள் பிறந்த அந்த இசை நாடெங்கும் ஒலித்தது; இசையமைத்த முதல் தமிழ்ப் படத்துக்கே தேசிய விருது கிடைத்தது.

இன்று பென்னாகரத்திலோ அரூரிலோ ஒரு லேப்டாப், ஆடியோ இன்டர்ஃபேஸ், கண்டென்சர் மைக், ஹெட்போன் இருந்தால் படுக்கையறையே ஸ்டுடியோ ஆகிவிடும். ஆனால் முதல் டேக்கைப் போட்டுக் கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. கிணற்றுக்குள் நின்று பாடியதுபோல் குரல் கேட்கும். உடனே விலை கூடிய மைக்கைத் தேடுகிறார்கள். பணத்தைச் செலவழிக்கும் முன் அறையைப் புரிந்துகொள்ளுங்கள். மைக் பாடகரைக் கேட்கிறது. அவரைச் சுற்றியுள்ள சுவர்களையும் கேட்கிறது.

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். பாடுபவரின் முதுகுக்கு அரை மீட்டர் பின்னால் சிமென்ட் சுவர் இருந்தால், அதில் பட்டுத் திரும்பும் ஒலி நேரே வரும் ஒலியைவிட ஒரு மீட்டர் கூடுதலாகப் பயணிக்கும். சுமார் 3 மில்லிநொடி தாமதமாக மைக்குக்கு வரும். காதுக்கு அது எதிரொலியாகத் தெரியாது. ஆனால் 170 ஹெர்ட்ஸ், 510 ஹெர்ட்ஸ் போன்ற அதிர்வெண்களில் ஒரு அலையின் மேடும் இன்னொன்றின் பள்ளமும் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரலின் நிறமே மாறிவிடும்.

மருந்து வீட்டிலேயே இருக்கிறது. இலவம்பஞ்சு மெத்தையையோ கனமான ரஜாயையோ பாடுபவருக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். பஞ்சின் இழைகளுக்குள் அசையும் காற்று உராய்ந்து, ஒலியின் ஆற்றல் வெப்பமாகிவிடும். பலர் மைக்குக்குப் பின்னால் மட்டும் ஸ்பாஞ்ச் ஒட்டுகிறார்கள். பாடல் பதிவுக்குப் பெரும்பாலும் பயன்படும் கார்டியாய்டு மைக்குக்கோ முன்பக்கம்தான் கூர்மையான காது. சுவரில் ஒட்டும் முட்டை அட்டையாலும் பெரிய பயன் இல்லை, அது மெல்லியது.

பேஸ் ஒலி மெத்தைக்கும் அடங்காது. 10 அடி நீள அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 56 ஹெர்ட்ஸ் அலை நிலையாக நின்றுவிடும். அதன் கால் அலைநீளமே ஒன்றரை மீட்டர்; அதை விழுங்க அத்தனை தடிமனான பஞ்சு வேண்டும். நீளமும் அகலமும் உயரமும் 10 அடி என்றால் மூன்று திசையிலும் அதே அலை. மூலையில் அது முழங்கும், நடுவில் காணாமல் போகும். அறை நடுவே நாற்காலி போட்டு ஸ்பீக்கரில் கேட்டு மிக்ஸிங் செய்பவர் பேஸ் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவார். அந்தப் பாட்டைக் காரில் போட்டால் கதவு அதிரும். நடுவை விட்டு, முன்சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் உட்கார்ந்தால் ஓரளவு உண்மை கேட்கும்.

சத்தத்தையும் அளவோடு வையுங்கள். ஒலி குறையும்போது காதுக்கு பேஸ் இன்னும் அதிகமாகக் குறைந்து கேட்கும் என்பதை பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் அளந்து காட்டினார்கள். அலறவிட்டு மிக்ஸ் செய்த பாட்டு செல்போனில் சப்பென்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பேச்சுக்குரல் அளவில் வைத்து மிக்ஸ் செய்து, காது ஓய்ந்த பிறகு மறுநாள் காலை செல்போனிலும் கேட்டுப் பாருங்கள்.

தருமபுரி மாவட்டத்துக்கு இன்னொரு செல்வம் தெருக்கூத்து. மைக் இல்லாத காலத்திலேயே கடைசி வரிசைக்கு எட்டப் பாடிப் பழகிய குரல்கள் அதன் மரபு. அப்படி ஒரு குரலைச் சின்ன அறைக்குள் அடைத்தால் நான்கு சுவரும் சேர்ந்து கத்தும். லேப்டாப்பையும் மைக்கையும் எடுத்துக்கொண்டு, காற்றடங்கிய இரவில் அறுவடை முடிந்த களத்துக்குப் போங்கள். காற்று உரசாதிருக்க மைக்குக்கு ஒரு ஸ்பாஞ்ச் உறை போதும். ஒலியைத் திருப்பியடிக்க அங்கே மண் தரையைத் தவிர எதுவுமில்லை. எதிரொலி இல்லாத அறையைக் கட்ட ஆய்வகங்கள் பெரும் பணம் செலவழிக்கின்றன. கூத்துக்காரர்களுக்கு அதற்கு நெருங்கிய ஓர் இடம் ஊருக்கு வெளியே சும்மா கிடக்கிறது.