கண் தெரியாத கவிஞர் காகிதம் இல்லாமல் பேசினார்! 30 வருடம் தூங்கிய டேப்

அமெரிக்காவில் பாஸ்டன் நகரை ஒட்டி உள்ளது ஹார்வர்டு பல்கலைக்கழகம். அங்கு 1925-ம் ஆண்டு "நார்ட்டன் சொற்பொழிவு" ஏற்படுத்தப்பட்டது. கவிஞர், இசை அமைப்பாளர், சினிமா டைரக்டர் என்று பெரிய கலைஞர்களை வரவழைத்துப் பேச வைக்கிறார்கள். கட்டணம் கிடையாது. மாணவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கடைக்காரர், குமாஸ்தா யாரும் போய் உட்காரலாம்.

பார்வை போச்சு

1967-ல் பேச வந்தவர் அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ். வயது 68. பார்வை ஏறக்குறைய போய்விட்டது. எழுதி வைத்துப் படிக்க முடியாது. என்ன செய்தார்? 6 சொற்பொழிவையும் மனதில் இருந்தே பேசினார். பல மொழிக் கவிதைகளை மளமளவென்று ஒப்பித்தார்!

பேச்சு டேப்பில் பதிவானது. ஆனால், அந்த டேப்புகள் நூல்நிலையத்தில் சுமார் 30 வருடம் கேட்பாரற்றுக் கிடந்தன. பிறகு கண்டெடுத்து, 2000-ம் ஆண்டு புத்தகமாக வெளியிட்டார்கள்.

பேசாமலே போனவர்

இத்தாலி எழுத்தாளர் கால்வினோ கதை நேர்மாறு. 6 சொற்பொழிவில் 5-ஐ எழுதி முடித்தார். மேடை ஏறும் முன்பே, 1985 செப்டம்பரில் இறந்து போனார். அதுவும் புத்தகமாக வந்தது.

இரண்டையும் இன்று காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். போர்ஹெஸை நேரில் கேட்டவர்களுக்கோ பஸ் காசு மட்டும்தான் செலவு!