வன்னிக் காதும் வெளிநாட்டு வைத்தியரும்

ஈழத்துப் பேச்சில் காதுக்குடுமி என்றும் அகராதிகளில் குறும்பி என்றும் வழங்கும் பொருளைப் பலரும் அழுக்கு என்றே கருதிவருவதனால், அதை அகற்றுவது பல் துலக்குவதைப் போன்ற அன்றாடக் கடமை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. உண்மையில் அது ஒரு காப்புப்பூச்சு. ஏறத்தாழ இரண்டரை சென்ரிமீற்றர் நீளமுள்ள செவிக்குழாயின் வெளிப்புற மூன்றிலொரு பகுதியில், குருத்தெலும்பின் மேலுள்ள தோலில் அமைந்த இருவகைச் சுரப்பிகள் சுரக்கும் நெய்ப்பொருளுடன் உதிர்ந்த தோற்கலங்களும் நுண்மயிரும் தூசியும் கலந்தே அது உருவாகின்றது. அதன் எண்ணெய்த்தன்மை நீரைத் தடுக்கின்றது. அதன் மெல்லிய அமிலத்தன்மை பற்றீரியாவும் பூஞ்சணமும் பெருகாமல் காக்கின்றது.

இந்தப் பூச்சை வெளியேற்றும் வேலையையும் காது தானே செய்துகொள்கின்றது. உடலின் பிற இடங்களில் தோல் வளர்ந்த இடத்திலேயே உதிர, செவிக்குழாயின் தோல் மட்டும் செவிப்பறையிலிருந்து வெளிவாயிலை நோக்கி நாளொன்றுக்கு ஏறத்தாழ மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு என்ற அளவில், நகம் வளரும் வேகத்தில், மெல்ல நகர்ந்துகொண்டிருக்கின்றது. மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவதனால் சுவரிலிருந்து தளரும் குடுமி அந்த நகர்வோடு சேர்ந்து வெளியே வந்து விழுகின்றது. பஞ்சுக்குச்சியை உள்ளே விடுபவர் இந்த நகர்வுக்கு எதிர்த்திசையில் குடுமியைத் தள்ளிக்கொண்டு போகின்றார் என்பதால், குச்சியின் நுனியில் ஒட்டிவரும் சிறிதளவைக் கண்டு அவர் மகிழும் வேளையில் பெரும்பகுதி செவிப்பறையை அண்டி இறுகத் தொடங்குகின்றது.

இந்தத் தவறு பஞ்சுக்குச்சியோடு தோன்றியதன்று. காது குடையும் சிறு கரண்டிக்குக் குறும்பிவாங்கி என்று தனிப்பெயரே வைத்திருந்த மொழி தமிழ். யப்பானியர் மூங்கிலில் அத்தகைய கரண்டியைச் செய்தனர். வட இந்திய நகரங்களின் தெருக்களில் காது துப்புரவாக்குவதைத் தொழிலாகக் கொண்டவர்களை இன்றும் காணலாம். இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியின் வீடுகளில் நெருப்புக்குச்சியும் கோழியிறகும் சட்டையூசியும் இந்த வேலையைச் செய்ய, புலம்பெயர்ந்த நாடுகளில் கைத்தொலைபேசியோடு இணைக்கும் சிறு கமராக் கரண்டியும் காதில் நட்டு எரிக்கும் மெழுகுக்குழாயும் அவற்றின் இடத்தைப் பிடித்திருக்கின்றன. மெழுகுக்குழாய் எரியும்போது காதினுள் வெற்றிடம் உண்டாகிக் குடுமி உறிஞ்சப்படுகின்றது என்று விற்பவர்கள் சொல்வது பொய் என்பதோடு, எரிந்த பின் குழாயின் அடியில் காணப்படும் மஞ்சட்படிவு அந்த மெழுகுக்குழாயின் மெழுகே அன்றிக் காதினுடையதன்று. தீக்காயமும் செவிப்பறைச் சேதமும் ஏற்படலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010ஆம் ஆண்டில் இதைப் பற்றி எச்சரித்தது.

வன்னியிலுள்ள வட்டக்கச்சி போன்ற ஊர்களிலிருந்து கனடாவுக்கும் பிரித்தானியாவுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் ஜேர்மனிக்கும் போனவர்களுக்கு இந்தப் பொது விளக்கம் போதாது. இரணைமடுக் குளத்து நீரில் நெல் விளையும் அந்தப் பகுதியின் மக்கள், 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2009ஆம் ஆண்டின் முற்பகுதியிலும் கிளிநொச்சி மாவட்டத்தின் குறுக்காக உள்நாட்டுப் போர் நகர்ந்தபோது தருமபுரம், விசுவமடு என்று கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்து, எறிகணைகளும் குண்டுகளும் அருகில் வெடித்த மாதங்களைக் கடந்து வந்தவர்கள். வெடிப்பின்போது எழும் காற்றழுத்த அலையால் உடலில் மிக எளிதில் சேதமடையும் உறுப்பு செவிப்பறை. நுரையீரலைத் தாக்குவதற்குப் போதாத அழுத்தமே அதைக் கிழிக்கப் போதுமானது. சிறிய கிழிசல்கள் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தாமாக மூடிக்கொள்ள, பெரியவை துளையாகவே நிலைத்துவிடுகின்றன. கையையோ காலையோ இழந்தவர்களுக்கு மத்தியில் ஒரு காது சற்று மந்தமாகிவிட்டதைப் பெரிதாக எண்ணாமல் விட்டவர்கள், பல ஆண்டுகள் கழித்து ஒரு வெளிநாட்டு மருத்துவ அறையில் உட்காரும்போது அதைச் சொல்ல வேண்டும் என்று நினைப்பதில்லை. துளையுள்ள காதில் நீரைப் பாய்ச்சினால் அந்நீர் நடுக்காதினுள் புகுந்து தொற்றை உண்டாக்கலாம். கடும் தலைச்சுற்றும் வலியும் உடன்வரலாம். ஆகவே காதில் ஒருவர் கைவைப்பதற்கு முன்பு அந்தக் காதின் வரலாறு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காதை அடைத்துக்கொண்ட குடுமியை அகற்றுவதில் அதை இளக்குவதே முதற்படி. பிரித்தானியத் தேசிய சுகாதார சேவை, மருத்துவத் தரமுள்ள ஒலிவ எண்ணெயை அல்லது பாதாம் எண்ணெயை இரண்டு மூன்று துளிகளாக நாளுக்கு மூன்று நான்கு தடவை, மூன்று முதல் ஐந்து நாட்கள் விடுமாறு கூறுகின்றது. இளகிய குடுமி அடுத்த இரண்டு வாரங்களுக்குள், பெரும்பாலும் உறங்கும்போது, தானாக வெளியேறும். செவிப்பறையில் துளை இருப்பவர்களும் காதில் சீழ் வடிபவர்களும் இதைக்கூடச் செய்யலாகாது. நல்லெண்ணெயைக் காய்ச்சிக் காதில் விடும் ஊர்வழக்கத்தில் எண்ணெயைவிடச் சூடே ஆபத்தானது, ஏனெனில் கையில் இளஞ்சூடாகத் தெரிவது செவிப்பறைக்குக் கொதிப்பாக இருக்கலாம்.

இளக்கியும் போகாத குடுமியை அகற்ற மூன்று வழிகள் உள்ளன. நீரைக் குறைந்த அழுத்தத்தில் பாய்ச்சிக் கழுவுவது ஒன்று. நுண்ணோக்கியால் பார்த்தபடி மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பது இன்னொன்று. வளைந்த சிறு கருவியால் பார்த்து எடுப்பது மூன்றாவது. துளையுள்ள காதுக்கும் முன்பு அறுவைச் சிகிச்சை நடந்த காதுக்கும் நீர் படாத உறிஞ்சும் முறையே பொதுவாக ஏற்றது; அதன் இரைச்சல் வெடிச்சத்தத்துக்கு அஞ்சியவர்களைத் திடுக்கிடச் செய்யக்கூடும் என்பதால், தொடங்குமுன் அதைக் கேட்டுப் பழகிக்கொள்வது நல்லது. பெரிய உலோகப் பீச்சுக்குழலைக் கையால் அழுத்திக் காது கழுவும் பழைய முறையை வளர்ந்தோருக்குச் செய்ய வேண்டாம் என்று இங்கிலாந்தின் நைஸ் என்னும் சிகிச்சை நெறிமுறை நிறுவனம் 2018இல் அறிவுறுத்தியது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவியே அதற்குப் பதிலாகப் பரிந்துரைக்கப்பட்டது.

கழுவும் நீரின் வெப்பம் உடல் வெப்பமாகிய 37 பாகை செல்சியசை ஒட்டியிருக்க வேண்டும் என்ற விதிக்குப் பின்னால் சுவையான ஒரு வரலாறு இருக்கின்றது. வியன்னாவில் காது வைத்தியராக இருந்த றொபேட் பாரானி, நோயாளரின் காதைக் கழுவும்போது அவர்களுக்குத் தலை சுற்றுவதையும் கண்மணிகள் பக்கவாட்டில் துடிப்பதையும் கண்டார். நீர் குளிர்ந்திருந்தால் துடிப்பு ஒரு திசையிலும் சூடாக இருந்தால் எதிர்த்திசையிலும் அமைந்தது. உட்காதின் அரைவட்டக் கால்வாய்களில் உள்ள திரவம் வெப்பத்தால் அசைவதே காரணம் என்று அவர் விளக்கியது, சமநிலை உணர்வைச் சோதிக்கும் முறையாக இன்றும் பயன்படுகின்றது. 1914ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். காது கழுவுகையில் தலை சுற்றினால் அது நோயாளியின் பலவீனமன்று, பெரும்பாலும் நீரின் வெப்பம் பிழைத்திருப்பதன் அறிகுறி என்று கொண்டு உடனே நிறுத்தச் சொல்லலாம்.

யாரிடம் செல்வது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. இலங்கையில் அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டினால், தேவையானால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை போன்ற இடங்களின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குக் கட்டணமின்றி அனுப்பிவைக்கப்படும். அந்தப் பழக்கத்தோடு பிரித்தானியாவுக்குப் போனவர், ஜி.பி. எனப்படும் குடும்ப வைத்தியரின் நிலையங்கள் பலவற்றில் குடுமி எடுக்கும் சேவை நிறுத்தப்பட்டிருப்பதையும், மருந்தகங்களிலும் கண்ணாடிக் கடைகளிலும் பணத்துக்கே அது செய்யப்படுவதையும் கண்டு திகைப்பது இயல்பு. அத்தகைய இடங்களில் செய்பவர் செவிப்புலனியலாளரா பயிற்சி பெற்ற தாதியா என்பதையும், தொடங்குமுன்னும் முடிந்த பின்னும் காதினுள் பார்த்துச் சோதிப்பாரா என்பதையும் கேட்டறிவது அவசியம். ஜேர்மன் மொழி வழங்கும் நாடுகளில் ஹா-என்-ஓ என்ற மூன்றெழுத்துப் பலகையும் பிரெஞ்சு வழங்கும் இடங்களில் ஓ-எர்-எல் என்பதும் காது, மூக்கு, தொண்டை வைத்தியரைக் குறிக்கும். சுவிற்சர்லாந்தில் காப்புறுதி பணம் கொடுக்கத் தொடங்குமுன் வளர்ந்தவர் ஒருவர் ஆண்டுக்குக் குறைந்தது 300 பிராங்கைத் தாமே செலுத்த வேண்டும் என்பதால், இச்சிறு சிகிச்சை முழுவதும் சொந்தச் செலவிலேயே முடிந்துவிடலாம். சூப்பர் விசாவில் கனடாவுக்குப் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோர் குறைந்தது ஒரு இலட்சம் டொலருக்குக் காப்புறுதி எடுத்திருந்தாலும் அது அவசர சிகிச்சையைக் கருதியது. காதடைப்பு அந்த வகைக்குள் அடங்காமல் போகக்கூடும். புறப்படுமுன் ஊரிலேயே காதைக் காட்டிவிடுவது அவர்களுக்கு இலாபம்.

நீரிழிவு உள்ளவர்கள் தனியாகக் கவனிக்கப்பட வேண்டியவர்கள். அவர்களது செவிக்குழாயில் ஏற்படும் சிறு கீறலோ கழுவியபின் தங்கும் ஈரமோ தொற்றாகி, அரிதாகக் கபாலத்தின் அடி எலும்புவரை பரவக்கூடும் என்பதால் நீரிழிவைப் பற்றி முதலிலேயே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். சிறுவர் காதில் நெல்மணியோ பயறோ புகுந்திருந்தால், அது நீரில் ஊறிப் பருத்து மேலும் இறுகும் என்பதால் அங்கே கழுவுதலுக்கே இடமில்லை.

எல்லா அடைப்பும் குடுமியால் வருவதன்று. விமானம் இறங்கிய பின் நாட்கணக்கில் நீடிக்கும் அடைப்பு, நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் அழுத்தத்தைச் சமப்படுத்தத் தவறியதால் வருவது. எண்ணெயால் அதற்குப் பயனில்லை. ஒரு காதின் கேட்கும் திறனாகிய கேள்வி சில மணித்தியாலங்களிலோ மூன்று நாட்களுக்குள்ளோ திடீரென மங்கினால் அது உட்காது நரம்பின் பாதிப்பாக இருக்கலாம். அதற்கான ஸ்ரீரொயிட் மருந்து தாமதமின்றித் தொடங்கப்பட வேண்டும். குடுமிதான் என்று எண்ணி இரண்டு வாரம் எண்ணெய் விட்டுக் காத்திருப்பவர் மீட்கக்கூடிய கேள்வியை இழந்துவிடலாம்.

குடுமி முழுதும் அகன்ற பின் வைத்தியர் ஒளிக்கருவியால் மீண்டும் பார்க்கும்போது, நலமான செவிப்பறை முத்துச்சிப்பியின் உட்புறம்போல் சாம்பல் வெண்மையாக, முன்கீழ்ப்புறத்தில் கூம்புவடிவ ஒளிப்பிரதிபலிப்புடன் தோன்றும். செவிப்பறையில் ஒரு கரிய துளை தெரிந்தால், அது பதினைந்து ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு வெடிப்பின் அடையாளமாக இருக்கலாம். அவ்வாறாயின் காதில் நீர் படாமல் காத்து, கேள்விச் சோதனை செய்து, தேவைப்பட்டால் நெற்றிப்பொட்டுத் தசையின் மேலுறையிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துத் துளையை ஒட்டும் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்படும்.