அசுவினிக்கும் உண்டு நாக்கு!

பழனிப் பஞ்சாமிர்தத்தை விரலால் வழித்துச் சுவைக்கிறீர்களே, அதில் கரைந்திருக்கும் மலைவாழையை என்றாவது நினைத்ததுண்டா? பெரும்பாறை, தாண்டிக்குடிச் சரிவுகளில் காப்பிச் செடிகளுக்கு நடுவே விளையும் விருப்பாச்சிப் பழம் அது. ஈரப்பசை குறைவு, அதனால்தான் பஞ்சாமிர்தம் நீர்த்துப் போவதில்லை.

1970-களில் அந்த வாழைக்கு வினை வந்து சேர்ந்தது. முடிக்கொத்து நோய்! இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிற்கும். இளமையிலேயே நோய் கண்ட மரம் குலை தள்ளாது. ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை 2,000 ஹெக்டேராகச் சுருங்கிப் போயிற்று. இவ்வளவும் செய்தது ஒரு வைரஸ். அதைச் சுமந்து திரிவது வாழை அசுவினி, எள்ளளவுகூட இராது.

இந்தச் சின்னஞ்சிறு ஜீவன் சாப்பாட்டு விஷயத்தில் மகா கண்டிப்பு. வாசனை பிடிக்க உணர்கொம்பு இருக்கிறது. வாய் என்பது மயிரினும் மெல்லிய ஊசி. அதைச் செடியின் தோலில் ஏற்றித் துளிச் சாறு உறிஞ்சும். ருசி அறியும் நரம்புகள் இருப்பது தொண்டை வாசலில். நாம் கரண்டிக் குழம்பை உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்ப்பதில்லையா, அப்படித்தான்! பிடித்துவிட்டால் ஊசியை ஆழமாக இறக்கி மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடும். பிடிக்காவிட்டால் உருவிக்கொண்டு நடையைக் கட்டும்.

தோலுக்குள் நடப்பதை எப்படிக் கண்டார்கள் என்கிறீர்களா? 1964-ல் கலிபோர்னியாவில் மெக்லீன், கின்சி என்ற இருவர் பூச்சியையும் செடியையும் மெல்லிய மின்சாரத்தால் இணைத்தார்கள். ஊசி இறங்கியதும் மின்சுற்று பூர்த்தியாகும். ஒவ்வொரு செயலுக்கும் ஒவ்வொரு விதமான அலைக்கோடு விழும்.

அப்படியானால் கசப்பைத் தெளித்து விரட்டிவிடலாமே! அங்கேதான் சிக்கல். பப்பாளியைத் தாக்கும் வளையப்புள்ளி வைரஸ், அசுவினி சில விநாடி குத்திப் பார்த்தாலே தொற்றிவிடும். கசப்புக் கண்ட பூச்சி செடி செடியாகத் தாவினால் நோயும் கூடவே பரவும். முடிக்கொத்து வைரஸை ஏற்றிக்கொள்ளவோ பல மணி நேரம் உறிஞ்ச வேண்டும். எனவே வாழையில் கசப்புக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. ஆனாலும் நோயுற்ற மரத்தைக் கிழங்கோடு அழிப்பதும், திசு வளர்ப்பில் உண்டான சுத்தக் கன்றை நடுவதுமே முதல் வைத்தியம்.

உங்கள் வீட்டு அவரைப் பந்தலில் அசுவினி மொய்த்தால், 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊற வையுங்கள். வடிகட்டி, துளி சோப்புக் கரைத்து, மாலையில் இலையின் அடிப்புறம் படும்படி தெளியுங்கள். மறுநாளே எல்லாம் செத்து விழும் என்று எண்ண வேண்டாம்; மழை பெய்தால் மறுபடியும் தெளிக்க வேண்டியிருக்கும்.