சிறுநீரில் ரத்தமா? சும்மா இருக்காதீர்கள்!

சிறுநீர் சிவப்பாகப் போகிறது. வலி இல்லை. இரண்டு நாளில் தானாக நின்றும் விடுகிறது. "உடம்புச் சூடுதான்" என்று இளநீர் குடித்து விட்டுப் பலர் சும்மா இருந்து விடுகிறார்கள்.

இது ஆபத்து!

கல்லாலும் கிருமியாலும் ரத்தம் போகலாம். சிறுநீரகப் புற்று நோயின் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் சிறுநீரையும் ரத்தத்தையும் சோதிக்கிறார்கள். பிறகு வயிற்றில் பசை தடவி, "அல்ட்ரா சவுண்டு" கருவியால் பார்க்கிறார்கள். நீர்க்கட்டியா, சதைக்கட்டியா என்று அதில் தெரியும். வெறும் நீர்க்கட்டி என்றால் பெரும்பாலும் பயம் இல்லை.

சதைக்கட்டி என்றால் "சி.டி. ஸ்கேன்" உண்டு. இந்தக் கருவியால் முதல் நோயாளியைப் படம் பிடித்தது 1971-ல், லண்டனில். கையில் ஊசி மூலம் மருந்து ஏற்றிப் படம் எடுப்பார்கள். ரத்தத்தோடு மருந்தும் கட்டிக்குள் பாயும். கட்டி பளிச்சென்று தெரியும். அதன் அளவும் தெரியும். பரவி இருக்கிறதா என்பதும் தெரியும்.

மற்றப் புற்று நோய்களில் பெரும்பாலும் முதலில் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதிப்பார்கள். இதில் பல சமயம் அது தேவைப்படாது. ஆபரேஷன் செய்து, எடுத்த கட்டியைச் சோதித்து உறுதி செய்வார்கள்.

கட்டி 4 சென்டிமீட்டருக்குள் இருந்தால், பெரும்பாலும் அதை மட்டும் எடுத்து விட்டுச் சிறுநீரகத்தைக் காப்பாற்றி விடலாம்.

ஆகவே, ஒரே ஒரு தடவை ரத்தம் போனாலும் சரி, டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள்!