உடல் வலிமையும் உள்ளத் துணிவும்

திருப்புல்லாணிக்கு வருவோர், ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயிலை வழிபட்டு, அணித்தேயுள்ள சேதுக்கரைக்குச் சென்று கடலாடுதல் வழக்கம். கரையிலே சிறிது பொழுது நிற்பார்க்கு ஒரு காட்சி புலனாகும். சிறுவர் மணலில் ஓடி நீரிலே குதிப்பர். முதியோர் சிலரோ, நெடுந்தொலைவு பயணம் செய்து வந்தும், அலையருகே நின்று கையால் நீரைத் தலையிற் றெளித்துக்கொண்டு மீள்வர். கடலின்கண் அவர்க்கு விருப்பம் உண்டு. தம் கால்களின்கண் நம்பிக்கையில்லை. அந்நம்பிக்கை போவது எங்ஙனம், மீள்வது எங்ஙனம் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

பயிற்சியின்றி யிருப்பாரது தசை, நடுவயது தொடங்கிச் சிறிது சிறிதாகக் குறைகின்றது. அறுபதாண்டிற்குமேல் அக்குறைவு விரைவுறும். முதலில் தரையில் அமர்தலை விடுவர். பின்னர்க் கிணற்றில் நீரிறைத்தலை விடுவர். அதன்பின் பேருந்தின் படியேறவும் அஞ்சுவர். அஞ்சுவதனால் அசைவு குறையும். அசைவு குறைதலால் தசை மெலியும். மெலிவு அச்சத்தை வளர்க்கும். இச்சுழலை முதுமையின் விதியென்றே பலரும் எண்ணி வாளா இருக்கின்றனர்.

அவ்வெண்ணம் பிழையென்பதை 1990-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரில், முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த, சராசரி தொண்ணூறு வயதுடைய 10 பேருக்கு, மரியா ஃபியட்டரோன் என்னும் மருத்துவ அம்மையாரும் அவர்தம் குழுவினரும் எட்டு வாரம் காலாற் பாரந் தூக்கும் பயிற்சி அளித்தனர். இறுதிவரை பயின்றோர் 9 பேர். அவர்தம் தொடைவலிமை சராசரியாக 174 விழுக்காடு மிகுந்தது. இருவர் ஊன்றுகோலை விட்டு நடந்தனர்.

இதன் காரணம் யாது? தொடக்க வாரங்களில், உறங்கிக்கிடந்த தசைநார்களை ஒருங்கே ஏவ நரம்புகள் கற்றுக்கொள்கின்றன. அதன்பின் தசைநார்களே பருக்கின்றன. பாரம் சிறிது சிறிதாக ஏறவேண்டும் என்பதே இப்பயிற்சியின் உயிர்நிலை. இரண்டாம் உலகப் போரிற் காயமுற்ற வீரர்களுக்குத் தாமஸ் டிலோர்ம் என்னும் மருத்துவர் இம்முறையைக் கையாண்டு, 1945-இல் அதனை எழுதி வெளியிட்டார்.

நம் தென்னாட்டினர்க்கு இது புதியதன்று. ஊர்ப் பொதுவிடத்திற் கிடக்கும் இளவட்டக்கல்லை இளைஞர் முதலில் முழங்கால்வரை எடுப்பர். நாளடைவில் மார்பிற்கும், முடிவில் தோளுக்கும் ஏற்றுவர். படிமுறை ஏற்றம் அதனிலும் உண்டு. ஆனால், அது காளையர்க்கே உரியதென நாம் கருதிவிட்டதே குறை.

“உழைப்பார்க்குப் பயிற்சி எதற்கு?” என வினவுவாரும் உளர். பனையேறுவார்க்கும் நீர்க்குடம் சுமப்பார்க்கும் வலிமை உண்டு என்பது மெய்யே. புத்தகத்தின் முன் நாள்முழுதும் அமர்ந்திருக்கும் நம்மனோர்க்கு அவ்வுழைப்பு யாண்டுளது?

இதற்குக் கருவிகள் வேண்டா. கையூன்றாமல் நாற்காலியினின்று பத்துமுறை எழுந்தமர்க. சுவரிற் கையூன்றித் தள்ளுக. மூடியுள்ள சிறு குடமொன்றில் அரைக்குடம் நீர்நிரப்பித் தரையினின்று தூக்கி வைக்க. வாரந்தோறும் ஒரு குவளை நீர் மிகுதியாக வார்த்துக்கொள்க. தூக்குங்கால் முதுகு வளையாமல் முழங்கால் மடியவேண்டும், மூச்சை அடக்கலாகாது. வாரத்தில் இரு நாட்களேனும் தசைவலிமைப் பயிற்சி வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த நெறி கூறுகின்றது. இடையே ஓய்வு நாளும் இன்றியமையாதது. இதயநோயும் இரத்த அழுத்தமும் உடையார் மருத்துவரைக் கேட்டே தொடங்குக.

இங்ஙனம் பயில்வார்க்குத் துணிவு பிறர் சொல்லால் வருவதில்லை. நேற்று இயலாத குடத்தை இன்று தூக்கிய கையே சான்றாகின்றது. அச்சான்று பெற்றவர் மிதிவண்டி ஓட்டவும், நீச்சல் கற்கவும், பேரக்குழந்தையைத் தூக்கவும் தாமே முன்வருவர்.

மாணவ நண்பர்காள்! சென்னையில் 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவிய ஹாரி குரோ பக், உடற்கல்வியைக் கல்வியின் ஒரு கூறாகவே வளர்த்தார். விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் நீவிர் கற்றதை உங்கள் பாட்டனார் பாட்டியார்க்கும் பொறுமையோடு கற்பியுங்கள். அடுத்த ஆண்டு சேதுக்கரையில் அவர்கள் முழங்காலளவு நீரில் அச்சமின்றி நிற்பாராயின், நீவிர் பெறும் பரிசு அதனினும் வேறுண்டோ?